ஒன்பதாவது தட்டில் என் சார்ஜர்

சார்ஜரைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டல் சுவரில் செருகியபடியே விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். உறுமி மேளம் முழங்க, ஊர்வலமாக எடுத்துப்போய்ப் பெண்வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவன், எனக்குத் தெரிந்து, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் நான் ஒருவன்தான்.

சிரிக்க வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

நடந்து சில மாதங்கள் ஆகின்றன. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கில் நடந்த இன்னொரு கூத்து எல்லாவற்றையும் கிளறிவிட்டது. அந்தக் கூத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பை.

செனாயில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவன் நான். ஒயரை ஒயராக மதிக்கத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. விமான நிலையத்தில் போய்ப் பாருங்கள். படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள், கழுத்தில் தலையணை மாட்டியவர்கள்... தூணுக்குத் தூண் தவழ்கிறார்கள். என்ன தேடுகிறார்கள்? ப்ளக் பாயிண்ட். கிடைத்தால் கேபிள் இல்லை. கேபிள் இருந்தால் அது வேறு போனுக்கு. வெட்கமாக இல்லை?

என் மனைவி வசந்தாவும் அந்தக் கட்சிதான். பிரயாணம் என்றால் வீட்டிலுள்ள எல்லாக் கேபிளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிப்போட்டுக்கொள்வாள். போய்ச் சேர்ந்து திறந்தால் மீ கோரெங் நூடுல்ஸ் மாதிரி இருக்கும். ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். அதில் பாதி, செத்துப்போன போன்களின் கேபிள்.

என் முறை வேறு. சார்ஜர் ஒன்றே ஒன்று. அதில் மூன்று போர்ட். கேபிள் இரண்டு, இரண்டும் சாண் நீளம். படுக்கையிலிருந்து எட்டுவதற்கு நீளக் கேபிள் வேண்டும் என்பார்கள். படுக்கையில் எதற்கய்யா போன்? தூங்கு. அப்புறம், வெளிநாட்டுக்கு ஒரு டிராவல் அடாப்டர். நம் ஊர் மூன்று கட்டைக் கால் ப்ளக் இந்தியாவின் உருண்டை ஓட்டையில் போகாது. கடைசியாக ஒரு பவர் பேங்க். அது கையோடு வர வேண்டும். விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டியில் போடக் கூடாது. அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு ஒயர் எடுத்தாலும் அது சுமை.

இதையெல்லாம் வைக்க ஒரு பெட்டி வேண்டுமே? கடை கடையாகத் தேடினேன். கடையில் விற்பதெல்லாம் ஒன்று பெரிசு, இல்லை சிறிசு. கடைசியில் வசந்தாவின் அலமாரியில் கிடைத்தது. பழைய நகைப்பெட்டி. சிவப்பு வெல்வெட், சுற்றி ஜிப், உள்ளே அறைகள். நெக்லஸ் படுக்கிற இடத்தில் கேபிள் சுருண்டு படுத்தது. வளையல் இடத்தில் சார்ஜர். கம்மல் அறைகளில் அடாப்டரின் துண்டுகள். பவர் பேங்க்குக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல நடுவில் ஒரு பள்ளம். கண்ணில் தண்ணீர் வராத குறை.

"நல்ல நாளும் அதுவுமா நகைப்பெட்டில ஒயர வைக்காதீங்க" என்றாள் வசந்தா.

"நகைய வச்சு நீ யாருக்குப் போன் பண்ணப் போற?" என்றேன்.

அந்தப் பேச்சுக்குத்தான் தண்டனை என்று இன்றுவரை சொல்கிறாள்.

இனி அந்த நாள். ரெங்கத்தில் இருக்கும் என் அக்கா சரோஜாவின் மகன் தினேஷுக்கு நிச்சயம். பெண் சாஆவில். பெயர் பவித்ரா, சிகாமட்டில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. தினேஷ் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். விடிவதற்கு முன் எல்லைப் பாலம் தாண்டி, இருட்டியபின் திரும்பி வருகிற பிறவி. அவன் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசிப் பிடித்துப்போய், அது நிச்சயம் வரைக்கும் வந்ததே அதிசயம். அக்கா ஒரு மாதமாகத் தரையில் கால் படாமல் திரிந்தாள்.

நான் தாய்மாமன். போகாமல் இருக்க முடியுமா? அன்றிரவே எனக்கு கே.எல்.லிலிருந்து திருச்சிக்கு விமானம். பழைய ஃபேக்டரி நண்பன் ஒருவனுக்கு அங்கே மணிவிழா. நிச்சயம் முடிந்ததும் யோங் பெங்கில் பஸ் ஏறி நேராக விமான நிலையம் போவதாகத் திட்டம். அதனால் என் தோள்பை என்னோடு வந்தது. தோள்பைக்குள் சிவப்புப் பெட்டி.

ரெங்கத்தில் வேன் கிளம்பும்போது அக்கா என் கையில் ஒன்றைத் திணித்தாள். "பொண்ணுக்குப் போடற சங்கிலி. உன்கிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. பத்திரம்."

பார்த்தேன். சிவப்பு வெல்வெட். சுற்றி ஜிப்.

குளுவாங்கில் நம் ஆட்களில் பாதிப்பேர் நகை வாங்குவது ஒரே கடையில். அந்தக் கடைக்காரர் பெட்டியை மட்டும் மாற்றியதே இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. வாங்கித் தோள்பைக்குள் போட்டேன், என் பெட்டிக்குக் கீழே.

வேனில் எல்லோருடைய போனும் படமெடுத்து எடுத்து இளைத்துவிட்டது. "மாமா போன்ல கேமரா நல்லாருக்கும்" என்று என்னுடையதைக் கேட்டார்கள். "எடுங்க, எடுங்க. சார்ஜர் இருக்கு" என்றேன். பெருமை. போதாததற்கு, சார்ஜரைப் பையில் அடுக்குவது எப்படி என்று குளுவாங்கிலிருந்து யோங் பெங் வரை ஒரு பிரசங்கம் வேறு. அத்தான், அதாவது சரோஜா அக்காவின் கணவர், பாதியிலேயே தூங்கிவிட்டார். யோங் பெங் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. சிக்னல் கோடு வருவதும் போவதுமாக, அதைத் தேடித் தேடியே போன் இன்னும் காலியானது. அதில்தான் என் பஸ் டிக்கெட். அதில்தான் விமானத்தின் போர்டிங் பாஸ். நான் கவலைப்பட்டேனா? பட மாட்டேன். என்னிடம் பெட்டி இருக்கிறது.

சாஆவில் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தோம். பெண்வீட்டு வாசலில் பந்தல். எங்கள் வேனை நிறுத்த விட்டிருந்த இடத்தில் எவனோ ஒருவன் காரைக் குறுக்கே போட்டிருந்தான். இறங்கிப்போய்ச் சத்தம் போட்டேன். அதே நேரம் தினேஷின் நண்பர்கள் கொண்டுவந்த உறுமி மேளம் கிளம்பியது. நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. கார்க்காரன் நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டான்.

நான் இப்படி நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது, வேனுக்குள் பெண்கள் தட்டு அடுக்கினார்கள். ஒன்பது தட்டு. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் குங்குமம், பூ, பட்டுப்புடவை, வளையல், சாக்லேட் கோபுரம். ஒன்பதாவது, நகை. அக்கா என் தோள்பைக்குள் கைவிட்டு, மேலே இருந்த சிவப்புப் பெட்டியை எடுத்தாள். மல்லிகைச் சரம் சுற்றினாள். பிடித்துப்போக அத்தானின் தங்கையிடம் கொடுத்தாள். அவள் தூக்கிப் பார்த்துவிட்டு, "அலமாக்! என்னா கனம்! அண்ணி நல்லாவே போட்டிருக்காங்க" என்றாளாம்.

பவர் பேங்க்கின் கனம்.

வாசலில் ஆரத்தி. தட்டுகளைப் பெண்வீட்டார் கைமாற்றி வாங்கிப்போய், ஹாலில் சாமி மேடைக்கு முன்னால் பாயில் வரிசையாக வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா செல்வராஜு லாரி கம்பெனி வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவருடைய அக்கா ராஜம்மா. பவித்ராவின் அத்தை. அந்த வீட்டில் எது முறை, எது முறையில்லை என்பதற்கு அவர்தான் கோர்ட்டு.

நான் மூலையில் ஒரு ப்ளக் பாயிண்ட் பார்த்து வைத்தேன். போன் சிவப்புக் காட்டத் தொடங்கியிருந்தது. தோள்பையைத் திறந்து, பெட்டியை எடுத்து, ஜிப்பை இழுத்தேன்.

உள்ளே தங்கச் சங்கிலி.

சார்ஜர் தேடுகிறவன் கையில் தங்கம் கிடைத்து, அவன் பதறி ஜிப்பை மூடியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் மூடினேன். நிமிர்ந்தேன். ராஜம்மா ஒன்பதாவது தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தை விலக்கிக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றுவிட்டேன். "அது..." என்று கையை நீட்டினேன். "அது என்..."

என் வேட்டியை யாரோ பிடித்து இழுத்தார்கள். அக்கா. முகத்தில் சிரிப்பு, குரலில் கத்தி.

"உக்காருடா."

"அக்கா, அது என் சார்ஜரு. பெட்டி மாறிப்போச்சு. எடுத்துட்டு இத வச்சிர்றேன். ஒரு நிமிஷ வேல."

"எடுக்காத. இந்தப் பொண்ணுக்கு முன்ன ஒருதடவ நிச்சயம் ஆகி, மறுவாரமே அந்த ஆளுங்க வந்து தட்டையெல்லாம் திருப்பித் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. இந்த ஹாலுலேர்ந்துதான். நீ இப்ப தட்டுலேர்ந்து ஒண்ண எடுத்தா, அவங்க உன் சார்ஜரையா பாப்பாங்க?"

பவித்ராவைப் பார்த்தேன். மணை மேல் உட்கார்ந்திருந்தாள். என் நீட்டிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டான் ஒருவன் எழுந்து நிற்கிறான். கை தட்டுப் பக்கம் போகிறது. அந்த முகத்தில் இருந்தது பயம்கூட இல்லை. 'இப்பவுமா?' என்கிற மாதிரி ஒன்று.

கையை இழுத்துக்கொண்டேன். என் கைக்கு அது பழக்கமில்லை.

ராஜம்மா ஜிப்பைத் திறந்துவிட்டார். உள்ளே பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். கேபிளின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கினார். ஹாலே கழுத்தை நீட்டியது. உறுமிக்காரன்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"இது என்னா சீரு?"

அக்கா மூச்சுக்கூட விடவில்லை. "தாய்மாமன் சீருங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அப்ப நகை?" என்றார் செல்வராஜு. அன்று அவர் முதலில் பேசிய வார்த்தை அதுதான்.

நான் கையிலிருந்த பெட்டியைத் திறந்து நீட்டினேன். உள்ளே சங்கிலி. நிம்மதிப் பெருமூச்சு ஹாலைச் சுற்றி வந்தது. அக்கா ஒரு தாம்பாளத்தைத் தேடிப்பிடித்து, பெட்டியை அதில் வைத்து, பாயில் கொண்டுபோய் வைத்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

ராஜம்மா எண்ணத் தொடங்கினார்.

"பத்து வருது."

பத்து. இரட்டைப்படை. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைத் தட்டு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஜொகூரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும்.

எனக்கு வழி திறந்தது போல இருந்தது. "அதனால என்னங்க? அந்தச் சார்ஜர் தட்ட எடுத்துட்டா ஒம்போது ஆயிடும்" என்றேன்.

"தம்பி!" ராஜம்மாவின் குரலில் சாக்லேட் கோபுரமே ஆடியது. "ஆரத்தி எடுத்து, வாசப்படி தாண்டி, சாமி முன்னால வச்சாச்சு. உள்ள வந்தது வந்ததுதான். இந்த வீட்டுலேர்ந்து இன்னொருவாட்டி தட்டு வெளிய போவாது லா. குறைக்கறது கெடையாது. கூட்டறதுதான்."

"எத வச்சுக் கூட்டறது?" என்றார் அத்தான். தூக்கம் தெளிந்துவிட்டது அவருக்கு.

ராஜம்மா என் பெட்டிக்குள் மறுபடி பார்த்தார். பவர் பேங்க்கைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். "இது கனமாத்தானே இருக்கு. தனியா வைக்கலாம்."

வைத்தார்கள். ஒரு தாம்பாளம். அதில் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, நடுவில் என் பவர் பேங்க். அதன் மேல் ஒரு ரோஜா. பதினோராவது தட்டு.

நான் ஃபேக்டரியில் தீ விபத்துப் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட இவ்வளவு கையாலாகாமல் நின்றதில்லை.

இதோடு விட்டார்களா? செல்வராஜு தொண்டையைக் கனைத்தார். "தாய்மாமன் புதுசா ஒரு சீரு செஞ்சிருக்கீங்க. என்னா கருத்துன்னு நாலு வார்த்த சொன்னா சபைக்கும் தெரியும்."

கருத்தா? சார்ஜருக்கு என்ன கருத்து? பொய் சொல்ல எனக்கு வராது. சின்னப் பொய்கூட வராது. கோபத்தில், தெரிந்ததைச் சொன்னேன்.

"சார்ஜர் ஒண்ணுதான் வச்சிருக்கேன். மூணு போர்ட்டு. மூணுலயும் செருகினா ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் போவும். பொறுக்கணும். எல்லாமே முழுசா எனக்கே வேணும்னா நடக்காது."

"ஆஹா" என்றார் ஒரு பெரியவர்.

எதற்கு ஆஹா? புரியவில்லை. தொடர்ந்தேன். "கேபிள் குட்டையா இருக்கணும். நீளமா இருந்தா சிக்கிக்கும். அப்புறம் உக்காந்து அவுக்கணும்."

"பேச்சும் அப்பிடித்தான்" என்று ராஜம்மா சபையைப் பார்த்துத் தலையாட்டினார். "கேட்டுக்குங்க."

"நான் கேபிளச் சொல்றேங்க."

"எங்களுக்குப் புரியுது தம்பி. மேல சொல்லுங்க."

"அடாப்டர்... எந்த ஊருக்குப் போறோமோ அந்த ஊருக்குத் தக்கன முனைய மாத்திக்கணும். இங்க இருந்த மாதிரியே அங்கயும் இருப்பேன்னு அழுத்தினா ஒடஞ்சிடும்."

ராஜம்மா பவித்ராவின் பக்கம் திரும்பினார். "கேட்டியாடி?"

"கேட்டேன் அத்தை" என்றாள் பவித்ரா. "அடாப்டர் ரெண்டு பக்கமும்தான் வேல செய்யும். அவங்களையும் கேட்டுக்கச் சொல்லுங்க."

ஹால் சிரித்தது. தினேஷ் காது சிவந்து தலையை ஆட்டினான். அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"பவர் பேங்க்க கரண்டு இருக்கும்போதே நெரப்பி வைக்கணும். கரண்டு போனப்புறம் தேடிப் பிரயோசனமில்ல. பிளேன்ல போகும்போது பெட்டில போட்டு அனுப்பக் கூடாது. கையோட வச்சுக்கணும். கீழ போட்டீங்கன்னா வீங்கும். வீங்கினா வெடிக்கும்."

பின்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். பக்கத்திலிருந்த தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை தனி.

கைதட்டினார்கள். சத்தியமாகக் கைதட்டினார்கள். தினேஷின் நண்பர்கள் உறுமியை ஒரு இழுப்பு இழுத்தார்கள். பட்டுப்புடவைக்கு யாரும் கைதட்டவில்லை. சாக்லேட் கோபுரத்துக்கு யாரும் கண்ணீர் விடவில்லை. லாஸாடா ஆன்லைன் கடையிலோ எங்கோ நான் வாங்கிய ஒயருக்கு இந்த மரியாதை!

மோதிரம் மாற்றினார்கள். சங்கிலி போட்டார்கள். நல்லபடியாக நிச்சயம் முடிந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது என் போன் மூச்சு விடுவதை நிறுத்தப் போவதாக அறிவித்தது.

கூச்சத்தை விட்டு ராஜம்மாவிடம் போனேன். "அம்மா, போன் சாவப் போவுது. அந்தச் சார்ஜர கொஞ்சம்..."

யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார். "தட்டுல வந்தத உபயோகிக்கலாம். தப்பில்ல. எடுத்துட்டுத்தான் போவக் கூடாது."

அப்படியாக என் போன், என் கேபிளில், என் சார்ஜரில், சாமி மேடைக்குப் பக்கத்தில் ஏறியது. சார்ஜருக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு, போகிற போக்கில் அதையும் ஒரு தொடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் என் போன் மேல் பூ வைத்தார்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது பவித்ரா வந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை.

"மாமா, பெட்டி மாறிடுச்சுதானே?"

எனக்குப் பொய் வராது என்று சொன்னேனே. "ஆமா."

"எழுந்து நின்னீங்களே, அப்பவே தெரிஞ்சது. உங்களுக்கு இன்னைக்கு பிளைட்டுன்னு அவங்க சொன்னாங்க." அவள் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றினாள். கேபிளைச் சுருட்டினாள். சுற்று மாறாமல், நான் சுருட்டுகிற மாதிரியே சுருட்டினாள். "உங்க பையில போட்டுடறேன். அத்தைக்கு நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

என் பெட்டி. என் கையெட்டும் தூரத்தில். ஆளும் இல்லை, அத்தையும் இல்லை. வாங்கிப் பைக்குள் போட்டால் தீர்ந்தது.

"போன தடவ தட்டெல்லாம் திரும்பிப் போனப்ப, அழாம நின்னு ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வச்சது நான்தான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னாள். "பழகிப்போச்சு. குடுங்க உங்க பைய."

நான் வாய்த்துடுக்குக்காரன். நல்ல வார்த்தை வேண்டிய நேரத்தில் ஒன்றுகூட வராது. என்ன சொன்னேன் தெரியுமா?

"பைத்தியமா உனக்கு? இந்த வீட்டுலேர்ந்து நீ எதையும் எடுத்து வெளிய வைக்க வேணாம். வை கீழ. அது உன்னுது. பவர் பேங்க்க முழுசாக் காலியாக விடாத, கெட்டுப்போயிடும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு மாதிரி இல்லாத ஒன்று வந்தது. நான் போனைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதெல்லாம் நின்று பார்க்கிற ஆள் நானில்லை.

அன்றிரவு கே.எல். விமான நிலையத்தில் தூணுக்குத் தூண் தவழ்ந்தவர்களில் ஒருவன் நான். திருச்சி லாட்ஜில் இரவல் வாங்கிய சார்ஜர் சுவரில் நிற்கவே இல்லை. அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி, நாற்காலி மேல் என் தோள்பை, தோள்பை மேல் என் கால். மணிவிழாப் படங்களில் நான் தூக்கக் கலக்கத்தில் இருப்பேன். காரணம் இதுதான்.

தினேஷ் - பவித்ரா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஜே.பி. நகரில் குடித்தனம். எந்தத் தட்டும் எங்கும் திரும்பிப் போகவில்லை.

இனி போன ஞாயிற்றுக்கிழமை.

குளுவாங்கில் வேறொரு நிச்சயம். ராஜம்மாவுக்கு ஒருவகையில் சொந்தம், தினேஷுக்கு நண்பன் குடும்பம், அப்படி இப்படி என்று எனக்கும் அழைப்பு. மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகள் உள்ளே வந்தன. வெற்றிலை, பழம், புடவை, சாக்லேட்...

சார்ஜர்.

கனவா என்று கண்ணைத் தேய்த்தேன். இல்லை. தாம்பாளத்தில் ஜரிகைத் துணி, அதன் மேல் ஒரு சார்ஜர், அதைச் சுற்றிக் கோலம் போல வளைத்து வளைத்து வைத்த கேபிள். பக்கத்துத் தட்டில் பவர் பேங்க். மேலே ரோஜா. ஒற்றை ரோஜா!

தட்டு அலங்காரம் செய்த பெண்ணைப் பிடித்தேன். "இது என்னம்மா?"

"சார்ஜர் தட்டு அங்கிள். தாய்மாமன் வைக்கறது. தெரியாதா?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்றதில்ல அங்கிள், இது நம்ம பழைய வழக்கம். சாஆ, சிகாமட் பக்கமெல்லாம் இது இல்லாம நிச்சயமே பண்ண மாட்டாங்க. இது வைக்கலன்னா வீட்டுல கரண்டு நிக்காதாம்."

பழைய வழக்கம்! ஒரு வருஷம்கூட ஆகாத என் கஷ்டம் இவர்களுக்குப் பழைய வழக்கம்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. காரணம் தெரியாமல் நாம் செய்கிற சடங்குகள் எத்தனை? ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எவனோ ஒருவன், தன் சாமானைத் திரும்பக் கேட்க முடியாமல், வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பானோ? ஒருவேளை முதன்முதலில் தட்டில் போன தேங்காயும் எவனோ குழம்புக்கு வாங்கி வைத்ததுதானோ?

நல்ல சிந்தனை. அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கண் மறுபடி தட்டுக்குப் போனது. அந்தக் கேபிள்... இரண்டு மீட்டருக்குக் குறையாது. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைச் சரக்கு. சார்ஜருக்கு ஒரே ஒரு போர்ட்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"யாரு இத வாங்குனது?" கத்திவிட்டேன். "கேபிள் சாண் நீளம்தான் இருக்கணும்! மூணு போர்ட்டு வேணும்! அடாப்டர் எங்க? ஒரு முறை, ஒரு சம்பிரதாயம்னு ஒண்ணு இல்ல? இஷ்டத்துக்குச் செய்வீங்களா?"

தட்டு அலங்காரப் பெண் இரண்டடி பின்வாங்கினாள். முன்வரிசையில் ராஜம்மா என்னைப் பார்த்துப் பெருமையோடு தலையாட்டினார். "பெரியவங்க சொல்றாங்கல்ல, கேளுங்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

உட்கார்ந்தேன். வசந்தா என்னைத் தெரியாதவள் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மானத்தை மறைக்கப் போனை எடுத்தேன். அது செத்துக் கிடந்தது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. கையில் சிவப்பு வெல்வெட் பெட்டி. ஜிப் ஓரத்தில் இன்னும் காயாத மாதிரி ஒரு பொட்டுக் குங்குமம். உள்ளே கேபிள் சரியாகச் சுருண்டு படுத்திருந்தது. பவர் பேங்க் நிரம்பியிருந்தது.

"உபயோகிக்கலாம் மாமா" என்றாள் பவித்ரா. "எடுத்துட்டுப் போவ முடியாது."